ஒன்றரை அடி தொட்டியில் எந்த மீன் நிற்கும்?

வணக்கம். திருநகரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். "ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்தில் தொட்டி வாங்கினோம். நாலு கோல்டு ஃபிஷ், ரெண்டு ஏஞ்சல், ஒரு சக்கர் விட்டோம். ஒரு கோல்டு ஃபிஷும் சக்கரும்தான் மிச்சம். பிள்ளைகள் ஒரே அழுகை. போர்த் தண்ணீர் ஆகவில்லையா? கேன் தண்ணீருக்கு மாறட்டுமா? எந்த மீன் வாங்கினால் நிற்கும்?"

முதலில், கேன் தண்ணீர் வேண்டவே வேண்டாம் சகோதரி. அதில் தாது உப்பை எடுத்துவிடுகிறார்கள். மீனுக்கு அந்த உப்பு வேண்டும். உங்கள் போர்த் தண்ணீரைக் குறை சொல்வதற்கு முன்னால், அது எந்த மீனுக்கு ஒத்துப்போகும் என்று பார்ப்போம்.

குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் படிகிறதா? அப்படியென்றால் அது கடினத் தண்ணீர். கப்பி, பிளாட்டி, மோலி மூன்றும் குட்டி போடும் மீன்கள். மூன்றுக்கும் இந்தத் தண்ணீர்தான் பிடிக்கும். நியான் டெட்ரா அப்படி இல்லை, அதற்கு மென்மையான தண்ணீர் வேண்டும். பளபளப்பைப் பார்த்து ஆசைப்பட்டு அதை வாங்காதீர்கள்.

சரி, கோல்டு ஃபிஷ் ஏன் போனது? உங்கள் தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலே 42 லிட்டர்தான். கல், மணல் போக 35 லிட்டர் தேறும். கோல்டு ஃபிஷ் கெண்டை இனம். நன்றாக வளர்த்தால் ஒரு சாணுக்கு மேலே வளரும், பத்து வருஷம்கூட இருக்கும். நிறையச் சாப்பிட்டு நிறையக் கழியும். அந்தக் கழிவிலிருந்து அம்மோனியா வரும். கடினத் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மையோடு இருக்கும். தண்ணீரில் காரமும் சூடும் ஏற ஏற, அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையான விஷமாகிறது. போதாததற்கு, சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில், குளிர்ந்த தண்ணீர் மீனான அதை இவ்வளவு சின்னத் தொட்டியில் வைத்தால் எப்படித் தாங்கும்? காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததா? அது பசி இல்லை, மூச்சுத் திணறல்.

ஏஞ்சலுக்கு உயரமான தொட்டி வேண்டும், ஒரு அடி பற்றாது.

உங்களுக்கு நான் சொல்வது ஆண் கப்பி ஆறு. ஆணாக மட்டும் வாங்குங்கள். சின்ன உடம்பு, விசிறி மாதிரி வால், பெண்ணைவிட நிறம் அதிகம், பார்த்தாலே தெரியும். ஒரு பெண் கப்பி வந்துவிட்டால்கூட, கடையிலேயே சேர்ந்திருக்கும். ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். கப்பி வேண்டாம் என்றால் பிளாட்டி நாலு விடலாம். மோலி கொஞ்சம் பெரிதாகும், இரண்டு அடித் தொட்டி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இல்லை, ஒரே மீன் போதும் என்றால் ஃபைட்டர். மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருக்கிறது. கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றாலும் மற்ற மீன்போலத் தவிக்காது. ஆனால் தனியாகத்தான் வைக்க வேண்டும். கப்பியின் வாலைப் பார்த்தால் இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துக் கடித்துவிடும். கடையில் சின்னப் பாட்டிலில் வைத்திருக்கிறார்களே, வீட்டிலும் அப்படி வைத்து அதைச் சித்திரவதை செய்யாதீர்கள்.

எதை வாங்கினாலும் நாளைக்கே போய் வாங்க வேண்டாம். ஸ்பான்ஜ் ஃபில்டரில் நல்ல பாக்டீரியா பிடிக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அதுதான் அம்மோனியாவைச் சிதைக்கிறது. இப்போது இருக்கும் ஒரு கோல்டு ஃபிஷே அதற்குத் தீனி கொடுத்துவிடும். தொட்டியை மொத்தமாகக் கழுவி ஊற்றினால் அந்தப் பாக்டீரியாவும் போய்விடும். வாரம் ஒருமுறை கால்வாசி மாற்றுங்கள் போதும். ஸ்பான்ஜைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் ஊற்றுகிற நாளில் குளோரின் எடுக்கும் சொட்டு மருந்தை மறக்காதீர்கள். வெயில் காலத்தில் மூடியைத் திறந்துவிட்டு வலை போட்டு, தண்ணீர்மேல் படுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும்.

கப்பி வருவதற்கு முன்னால் கோல்டு ஃபிஷைப் பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவர்கள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். சக்கர் மீனைப் பற்றி வாங்கிய கடையில் கேளுங்கள், திருப்பி எடுத்துக்கொள்வார்கள். பாசி தின்னும் என்றுதான் விற்கிறார்கள், ஆனால் ஒரு அடிக்கு மேல் வளர்ந்து, தின்பதைவிட அழுக்கைத்தான் கூட்டும். பாவம் என்று நினைத்து வைகையிலோ வண்டியூர் தெப்பக்குளத்திலோ தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நம் நாட்டு மீன் இல்லை அது. விட்ட இடத்தில் பெருகி, கரையில் வளை தோண்டி, கெண்டைக்கும் கெளுத்திக்கும் இரை இல்லாமல் செய்துவிடும்.