மரை வைச்ச சிரிஞ்சும் கடற்புல் பற்றீரியாவும்

வணக்கம், எல்லாரும் எப்பிடி சுகம்? முதல்ல இதைப் பாருங்கோ. கிட்டப் பிடிக்கிறன், தெரியுதா? 60 மில்லிலீட்டர் சிரிஞ்ச். வாயில மரை இருக்கு, பில்டரைத் திருகிப் பூட்டலாம். மரை! புறக்கோட்டையில கேட்ட கடையெல்லாம் சும்மா சொருகிற வாய்தான். இது ரெண்டு மடங்கு விலை. பரவாயில்லை, குடுக்கலாம்.

ஏனெண்டு பழைய ஆக்களுக்குத் தெரியும். கடற்புல்லுக்கு மேல நிக்கிற தண்ணியில பற்றீரியாவைப் பிடிக்க, அதை 0.22 மைக்ரோன் பில்டருக்குள்ளால தள்ளவேணும். 1 லீட்டருக்கு 17 தரம். களப்புத் தண்ணி கலங்கல் எண்டா 300 மில்லிலீட்டரிலயே அடைக்கத் தொடங்கும், அமுக்கம் ஏறும், சொருகின வாய் டப்பெண்டு கழண்டு தண்ணி முகத்தில. முகம் போகட்டும், எவ்வளவு தண்ணி உள்ள போனது எண்ட கணக்குப் போச்சு! மரை கழராது. ஆனா அடைச்ச பிறகும் பலவந்தமாத் தள்ளாதேங்கோ, மென்சவ்வு கிழியும். நிப்பாட்டி, 300 எண்டா 300 எண்டு எழுதுங்கோ. முதல்ல பெரிய கண் பில்டரில வடிக்கலாமே எண்டு கேப்பியள். வேண்டாம். துணிக்கையில ஒட்டின பற்றீரியா அதோட போயிடும். கடற்புல் மறிச்சு வைக்கிறதே அதைத்தானே.

சரி, நீங்கள் அனுப்பின அந்தப் படம். "கடற்புல் நடுவோம், வெள்ளவத்தைக் கடல் சுத்தமாகும்." எனக்குச் சரியான எரிச்சல். வெள்ளவத்தை அலையடிக்கிற கடல், வாய்க்கால் வேற வந்து விழுது. புல்லுக்கு அலை குறைஞ்ச, வெயில் அடிவரை போற இடம் வேணும். நீர்கொழும்புக் களப்பு, புத்தளம் களப்பு, மன்னார்ப் பக்கம். பாசியெண்டும் சொல்லாதேங்கோ, இது வேரும் பூவும் உள்ள தாவரம்.

முழுப் பொய்யும் இல்லை. 2017இல இந்தோனேசியத் தீவுகளில செய்த ஆய்வு சயன்ஸ் சஞ்சிகையில வந்தது. புல் உள்ள இடத்தில, நோய் உண்டாக்கக்கூடிய பற்றீரியாக்களின்ர பங்கு 50% குறைவு. 8,000க்கு மேல முருகைகளைப் பார்த்திருக்கினம், புல்லுக்குப் பக்கத்தில நோய் அரைவாசி. பங்கு எண்டுதான் சொன்னன், கவனம். மற்றப் பற்றீரியா பெருகினாலும் பங்கு குறையும்.

இலைகள் ஓட்டத்தை மந்தமாக்கும், துணிக்கை அடியில படியும். படிஞ்சதெல்லாம் செத்ததில்லை, படகு விசிறி கிளப்பினா திரும்ப மேல வரும். இலையில நுண்ணங்கிகளை அடக்கிற பீனோல் சேர்வைகள் இருக்கு, அதே இலை காபன் கசியவிட்டு வேற நுண்ணங்கிகளை வளர்க்கவும் செய்யும். கீழ கறுப்புச் சேறு, கூழ்முட்டை மணம். சல்பேற்றைத் தாழ்த்திற பற்றீரியா விடுற சல்பைட்டு அது, வேருக்கு நஞ்சு. வேர் நுனி ஒட்சிசன் கசியவிடுறதால அந்த ஓரத்தில சல்பைட்டை ஒட்சியேற்றுற கூட்டம் குடியிருக்கும். மத்தியதரைக் கடலின்ர பொசிடோனியா எண்ட கடற்புல்லில இன்னும் வடிவு: மண்ணுக்குள்ள சுக்குரோசு குவிஞ்சு கிடக்கும், பீனோல் இருக்கிறதால கனக்க நுண்ணங்கிக்கு அதைத் தின்ன ஏலாது. 2022இல வந்த முடிவு. அதுக்கு முதல் வருசம், அதே புல்லின்ர வேருக்குள்ளயே நைதரசன் பதிக்கிற பற்றீரியாவையும் கண்டுபிடிச்சிட்டினம்.

அதால தண்ணி, இலை, வேர் மூண்டையும் தனித்தனியா எடுங்கோ. இலை அடியில இருந்து வளரும், நுனிதான் கிழடு, அங்க நுண்ணங்கிப் படை தடிப்பு. எல்லாச் செடியிலயும் ஒரே இலை, ஒரே பகுதி; நான் சொல்றது ரெண்டாம் இலை, நடுவில 5 சென்றிமீற்றர். பில்டர் பண்ணின கடல்தண்ணியில அலசுங்கோ. குழாய்த் தண்ணி படவே கூடாது, உப்பு வித்தியாசத்தில கலங்கள் வெடிக்கும்.

எந்தெந்தப் பற்றீரியா இருக்கெண்டு டிஎன்ஏயை வாசிச்சுப் பார்க்கிற 16எஸ் பரிசோதனைக்குக் குடுக்க முதல் கேளுங்கோ: இலையின்ர பச்சையவுருமணி டிஎன்ஏயைத் தடுக்கிற பிஎன்ஏ (டிஎன்ஏ மாதிரிச் செயற்கைத் துண்டு) போடுவினமோ? போடாட்டி இலை மாதிரியில புல்லின்ர சொந்த டிஎன்ஏதான் பெரும்பங்கு வரும். காசு போச்சு! சில பேர் அதைச் சயனோபற்றீரியா, அதாவது ஒளித்தொகுப்புச் செய்யிற பற்றீரியா, எண்டு வரைபும் கீறுவினம்.

ஆ, தண்ணிக்குத் திரும்புறன், மறந்திட்டன். புல்லில்லாத மணலிலயும் அதே ஆழம், அதே நேரம், மும்மூண்டு போத்தல். உள்ள இறங்கிக் கலக்க முதல், கையுறையோட. கிருமியழிச்ச தண்ணியை ஒரு பில்டருக்குள்ளால விட்டு வெற்று மாதிரியும் வையுங்கோ, இல்லாட்டி உங்கட கைப் பற்றீரியாவையும் களப்புக் கணக்கில சேர்ப்பியள்.

மலக் கலப்பைக் காட்டுற என்டரோகொக்கசு பற்றீரியாவை லாப்பில வளர்க்கிறதெண்டா பில்டர் இல்லை, கிருமியழிச்ச போத்தல், அலசாமல் நிரப்பி ஐஸோட றெஜிபோம் பெட்டிக்குள்ள. 6 மணித்தியாலத்துக்குள்ள லாப். மன்னாரில எடுத்தா பஸ்ஸிலயே நேரம் முடிஞ்சிடும். புத்தளத்தில விடியக்காலமை எடுத்தா மத்தியானத்துக்குள்ள கொழும்பு வரலாம்.