தட்டில் செல் செத்தால் அது மருந்தா? அமிர்தி ரோட்டிலிருந்து ஒரு பேச்சு

வணக்கம் மக்களே. வேலூர்ப் பக்கம் கணியம்பாடி தாண்டி அமிர்திக்குப் போகிற ரோட்டில் நிற்கிறேன். பின்னால் தெரிவது ஜவ்வாது மலை, இதோ பக்கத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்பது ஆவாரை. எங்கள் லேபில் புற்றுநோய் செல்களை வளர்க்கிற அறைக்குள் போனை எடுத்துப்போய் நீட்ட முடியாது, கிருமி சேர்ந்துவிடும், அதனால்தான் வெளியே வந்து பேசுகிறேன். இன்றைக்கு ஒரே விஷயம்தான். ஏதோ ஓர் இலையின் சாறு புற்றுநோய் செல்லை 90 சதவீதம் அழித்தது என்று அடிக்கடி செய்தி வருகிறதல்லவா, அந்த 90 எங்கிருந்து வருகிறது, அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பார்ப்போம். நான் பார்க்கிற வேலையே இதுதான், அதனால் உள்ளே நடப்பதை நடக்கிறபடியே சொல்கிறேன்.

முதலில் செடி. எங்கே பறித்தோம், எந்த மாதம், எந்தப் பாகம் என்று குறித்துக்கொண்டு, ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, தாவரவியல் தெரிந்த ஒருவரிடம் காட்டி, அந்தச் செடிதான் என்று உறுதியான பிறகுதான் அடுத்த வேலை. இதை விட்டுவிட்டுக் கடையில் பொடியாக வாங்கி வந்து ஆரம்பித்தால் பின்னால் செய்வது எல்லாமே வீண். இலையை நிழலில் காயவைத்துப் பொடித்து, சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் எத்தனாலோ மெத்தனாலோ ஊற்றிச் சாறு இறக்கி, அந்தத் திரவத்தை ஆவியாக்கிவிட்டால் அடியில் கரும்பச்சையாகப் பிசுபிசுவென்று ஒன்று மிஞ்சும். அதை எடை போட்டு டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தில் கரைத்து வைத்துக்கொள்வோம். டிஎம்எஸ்ஓவே அளவு கூடினால் செல்லைக் கொன்றுவிடும். அதனால் கடைசிக் கலவையில் அது அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சாறு சேர்க்காமல் டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழிகளும் ஒப்பிட்டுப் பார்க்கச் சோதனைத் தட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அப்புறம் செல்கள். புனேயில் தேசிய செல் அறிவியல் மையம் இருக்கிறது, நம் நாட்டு லேப்கள் பலவற்றுக்கும் அங்கிருந்துதான் வரும். மார்பகப் புற்றுக்கு எம்சிஎஃப்-7, நுரையீரலுக்கு ஏ549, கருப்பைவாய்ப் புற்றுக்கு ஹீலா என்று செல் வகைகளுக்குப் பெயர். இந்த ஹீலா, 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அம்மாவின் கட்டியிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த செல். அவர் அந்த வருடமே இறந்துவிட்டார், செல்கள் இன்றும் உலகம் முழுக்க வளர்ந்துகொண்டிருக்கின்றன. அந்தக் குப்பியைத் திறக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

இப்போது பரிசோதனை. 96 சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு, ஒரு குழிக்கு ஐந்தாயிரம் பத்தாயிரம் செல் என்று விட்டு, 37 டிகிரியில் ஒரு நாள் ஒட்ட விட்டு, சாற்றைக் குறைந்த அளவிலிருந்து கூடிய அளவு வரை வரிசையாகச் சேர்த்து, இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்திருப்போம். பிறகு எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை விடுவோம். உயிரோடு இருக்கிற செல் தன் நொதிகளால் அந்த மஞ்சளை ஊதாப் படிகமாக மாற்றும், செத்த செல்லால் முடியாது. மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் படிகத்தைக் கரைத்து, 570 நானோமீட்டர் ஒளியில் கருவி நிறத்தை அளக்கும். 1983இல் மோஸ்மன் என்ற ஆய்வாளர் எழுதிய முறை, மலிவு, வேகம், எங்கள் ஊர்ப் பக்கம் எந்தக் கல்லூரி உயிர்தொழில்நுட்பத் துறைக்குப் போனாலும் யாராவது செய்துகொண்டிருப்பார்கள். ஆக அந்த 90 சதவீதம், செல்களை ஒவ்வொன்றாக எண்ணி வந்த கணக்கே கிடையாது. ஊதா நிறம் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு. செல் சாகாமல் சோர்ந்து கிடந்தாலும் நிறம் குறையும்.

சரி, ஆவாரைக்கு வருவோம், ஏனென்றால் முக்கியமான சிக்கல் இதற்குள்தான் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் வடாற்காட்டில் தோல் பதனிடுகிற ஊர்கள் எத்தனை. குரோமியம் வருவதற்கு முன்னால் தென்னிந்தியாவில் பெரும்பாலும் தோலைப் பதனிட்டது இந்த ஆவாரம் பட்டையில்தான். பட்டையில் இருக்கிற டேனின், தோலில் உள்ள புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடும், அதனால்தான் தோல் அழுகாமல் பதமாகிறது. இதே டேனினை 96 குழித் தட்டில் விட்டால் என்ன ஆகும்? செல்லின் மேலிருக்கிற புரதம், வளர்க்கிற ஊட்டக் கரைசலில் உள்ள புரதம் என்று எது கிடைத்தாலும் பிடித்துக் கட்டும். செல் சாகும், வரைபடம் அழகாக இறங்கும், பார்க்கிறவர் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார். ஆனால் அந்தக் குழியில் நடந்தது டேனரியில் தோலுக்கு நடப்பதுதான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1980களின் தொடக்கம் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தாவரச் சாறுகளைச் சோதித்தது, அங்கேயும் டேனின் இதே தொந்தரவைக் கொடுத்தது. டேனினைப் பிடித்துக்கொள்கிற பாலிஅமைடு என்ற பொருள் வழியாக வடித்து டேனினை நீக்கிய பிறகும் சாறு வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான வழி. நம் பக்கம் வருகிற பல கட்டுரைகளில் இந்தப் படி இருப்பதே இல்லை, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம்.

இதற்கு நேர் எதிரான பொய்யும் உண்டு. செடியில் உள்ள பாலிஃபீனால் என்ற வேதிப்பொருட்கள், செல் எதுவும் இல்லாத வெறும் குழியிலேயே எம்டிடியை ஊதாவாக்கிவிடும். அப்போது செத்துப்போன செல்லும் உயிரோடு இருக்கிற கணக்கில் வந்துவிடும். அதனால் எம்எஸ்சி ப்ராஜெக்ட் செய்கிற தம்பி தங்கைகளே, செல் இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் விட்ட ஒரு வரிசை வையுங்கள். தட்டில் இடம் போகிறதே என்று பார்க்காதீர்கள்.

அடுத்து அளவு. பாதி செல் சாக எவ்வளவு சாறு வேண்டும் என்பதை ஐசி50 என்பார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குள் வந்தால்தான் கச்சாச் சாற்றை அடுத்த கட்ட ஆய்வுக்குக் கொண்டுபோகலாம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வது. ஆனால் 500 மைக்ரோகிராமில் பாதி செல் செத்ததற்கே தலைப்புச் செய்தி வந்துவிடுகிறது. கணக்குப் போடுங்கள். ஓர் ஆளின் உடம்பில் சுமார் 40 லிட்டர் தண்ணீர். அதில் மில்லிக்கு 500 மைக்ரோகிராம் வர வேண்டுமென்றால் 20 கிராம் சாறு. இலையின் எடையில் பத்தில் ஒரு பங்கு சாறு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் 200 கிராம் காய்ந்த இலை. அதுவும் குடல் முழுவதையும் உறிஞ்சி, கல்லீரல் கொஞ்சம்கூடச் சிதைக்காமல் விட்டால்! தட்டில் குடலும் கிடையாது, கல்லீரலும் கிடையாது.

நல்ல செல்லுக்கு என்ன ஆனது என்று பார்க்காத சோதனையை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. ப்ளீச்சிங் பவுடரும் புற்றுநோய் செல்லைக் கொல்லும்.

இவ்வளவு சொல்கிறேனே, செடியில் மருந்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டு வாசலில் நித்தியகல்யாணி இருக்கும், சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற டாக்டருக்கு ஜமைக்காவிலிருந்து அதன் இலை வந்து சேர்ந்தது, அங்கே சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடிக்கிறார்கள் என்று. எலிக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள், சர்க்கரை குறையவில்லை. ஊசியில் ஏற்றிப் பார்த்தபோது எலிகளின் வெள்ளை அணுக்கள் சரிந்தன, கிருமி தொற்றி எலிகள் செத்தன. அப்படியானால் வெள்ளை அணு கட்டுக்கடங்காமல் பெருகுகிற ரத்தப் புற்றுக்கு இது உதவுமே என்று யோசித்ததுதான் திருப்பம். நோபிளும் சார்லஸ் பியரும் 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, இன்றைக்கும் குழந்தைகளுக்கு அதிகம் வருகிற ரத்தப் புற்று வகைக்கான சிகிச்சையில் அது முக்கியமான மருந்து. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் கவனியுங்கள், இலையில் அந்த மருந்து இருப்பது மிக மிகச் சொற்பம், பிரித்துச் சுத்தம் செய்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தக் குழாயில் மட்டும் ஏற்றுவார்கள். தயவுசெய்து அந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்காதீர்கள், அதில் இருப்பது விஷம். டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தின் கதையும் இப்படித்தான் நீளம்: 1962இல் ஊசியிலை மரம் ஒன்றின் பட்டையைச் சேகரித்தார்கள், அனுமதி கிடைத்தது 1992இல்.

வேலூரில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியாது. இங்கே சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் காட்பாடியில் இறங்கி லாட்ஜில் மாதக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள், வங்காளம், ஜார்கண்ட், நம் திருவண்ணாமலைப் பக்கம் என்று எல்லா இடத்திலிருந்தும். அப்படி வந்திருந்த ஓர் அக்கா, வீட்டுக்காரருக்கு வாங்கிய பொடியோடு வந்த துண்டுச்சீட்டை என்னிடம் காட்டினார். அதில் ஒரு பட்டை வரைபடம், கீழே எம்டிடி என்று போட்டிருந்தது. எங்கள் தட்டில் வருகிற அதே வரைபடம், அதைக் காட்டிக் காசு வாங்கியிருக்கிறார்கள். அந்த அக்காவைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் ஒருவர் அப்படிப் படுத்திருக்கும்போது யாராக இருந்தாலும் வாங்கத்தான் செய்வோம்.

கீமோ நடக்கிற நாட்களில் எந்தக் கஷாயம், பொடி, மாத்திரை எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வின்கிரிஸ்டின் மாதிரி மருந்துகளைக் கல்லீரல் நொதிகள்தான் சிதைத்து வெளியேற்றுகின்றன, அந்த நொதியைத் தடுக்கிற பொருள் பல செடிகளில் உண்டு, மிளகில் உள்ள பைப்பரின்கூட அப்படித்தான். ரசத்தில் போடுகிற மிளகைச் சொல்லவில்லை, செறிவாக அடைத்து விற்கிற மாத்திரையைச் சொல்கிறேன். திட்டுவார் என்று பயந்து மறைக்காதீர்கள். என்ன செடி என்று பெயர் தெரியாவிட்டால் அந்தப் பொட்டலத்தையே கையில் எடுத்துப் போங்கள், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளின் அளவு ஏன் ஏறியது என்று அவர் தேடும்போது அதுவும் மேஜை மேல் இருக்க வேண்டும்.