ஆம்ப்ளிஃபயருக்கு எட்டும் கட்டளை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள கல்யாண மண்டபங்கள் பலவற்றில் ஆம்ப்ளிஃபயர்கள் மேடையை ஒட்டிய சிறு அறையில் பூட்டப்பட்டிருக்கும். ஒலியைக் கவனிப்பவரோ பின்கோடியில் உட்கார்ந்திருப்பார். கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் ஒரு ஸ்பீக்கரை மட்டும் தணிக்க வேண்டுமென்றால், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் மேடைக்கு ஓட வேண்டியிருக்கிறது. இந்த ஓட்டத்தைத் தவிர்க்கும் வழி பல தொழில்முறைக் கருவிகளின் முதுகிலேயே, கணினியிலிருந்து கம்பி வழியே கட்டளை அனுப்ப உதவும், ஒன்பது பின்கள் கொண்ட சீரியல் போர்ட்டாக இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. தொட்டவர்களில் சிலர், அது நம்பத்தகாதது என்று கைவிட்டு விடுகிறார்கள். குறை பெரும்பாலும் போர்ட்டில் இல்லை, கம்பி இழுத்த விதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

பரவலாகக் காணப்படும் ஆர்.எஸ். 232 என்ற தரம் 1960-இல் அமெரிக்காவில், டெர்மினலையும் (கணினியோடு பேசும் தட்டச்சு முனை) மோடத்தையும் (தொலைபேசிக் கம்பியில் தகவல் அனுப்பும் கருவி) இணைப்பதற்காக வகுக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு சமிக்ஞையும் பொதுவான கிரவுண்டை, அதாவது எர்த்தோடு சேரும் கம்பியை, வைத்தே அளக்கப்படுகிறது: கூட்டல் 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்த பிட் சுழி, கழித்தல் 3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஒன்று. மேசை மீதுள்ள இரு கருவிகளுக்கு இது போதும். ஆனால் நம் மண்டபங்களில் மேடை ஒரு மின் இணைப்பிலும், பின்பக்க அறை வேறோர் இணைப்பிலும் இருப்பது சாதாரணம். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடும்போது நிலைமை இன்னும் மாறும். இரு முனைகளின் எர்த்துக்கு இடையே சில வோல்ட் வேறுபாடு வந்தாலே கட்டளை சிதையக்கூடும். அதைவிடத் தொல்லை என்னவென்றால், அந்த வேறுபாட்டால் கிரவுண்ட் கம்பி வழியே ஓடும் மின்னோட்டம் ஸ்பீக்கரில் ரீங்காரமாகக் கேட்கும். ரீங்காரத்தைத் தேடி மைக் கேபிள்களை எல்லாம் மாற்றிப் பார்ப்பவர்கள் கட்டுப்பாட்டுக் கம்பியைச் சந்தேகிப்பதில்லை.

ஆர்.எஸ். 232 கம்பியின் நீளத்துக்கு 15 மீட்டர் என்ற பழைய வழக்க எல்லையும் உண்டு. அதற்கு மேல் போக வேண்டுமானால் ஆர்.எஸ். 422 என்ற மற்றொரு தரத்துக்கு மாறுவதே முறை. அங்கே ஒரு சமிக்ஞைக்கு முறுக்கிய இரு கம்பிகள்; பெறும் முனை அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் பார்க்கிறது; ஆகவே இரண்டிலும் ஒரே அளவில் ஏறும் இரைச்சல் கணக்கில் வருவதில்லை. குறைந்த வேகத்தில் ஏறத்தாழ 1,200 மீட்டர் வரை இது செல்லும். எர்த் வேறுபாடு அதிகமாக இருக்கும் இடத்தில், ஒளியால் தனிமைப்படுத்தும் ஐசொலேட்டர் ஒன்றையும் நடுவில் வைப்பது நல்லது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும்; தங்க முலாம் பூசிய கனெக்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அங்கே வீணாகாது.

கட்டளை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். வீடியோ ரெக்கார்டர்களுக்காகச் சோனி வகுத்து, பின்னர் பிற நிறுவனங்களின் ஆடியோ ரெக்கார்டர்களும் ஏற்ற 9-பின் முறையை எடுத்துக்கொள்வோம். ஆர்.எஸ். 422 வழியே, நொடிக்கு 38,400 பிட் வேகத்தில், ஒற்றைப்படைப் பாரிட்டியுடன் (ஒவ்வொரு பைட்டிலும் பிழையைக் கண்டறியச் சேர்க்கும் பிட்) அது பேசுகிறது. 'பிளே' என்ற கட்டளை பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்களில் 20, 01, 21 என்ற மூன்றே பைட்டுகள். கடைசி 21 முதலிரண்டின் கூட்டுத்தொகை, சரிபார்ப்பதற்காக. மூன்றும் கம்பியில் கடக்க ஒரு மில்லி செகண்ட் கூட ஆகாது. கருவி அதை ஏற்றுக்கொண்டால், 9 மில்லி செகண்டுக்குள் 10, 01, 11 என்று பதில் தர வேண்டும்.

இந்தப் பதிலை வாசிக்காத மென்பொருளை நான் மண்டபத்தில் வைக்க மாட்டேன். ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிகளில் ஆம்ப்ளிஃபயர் அணைந்து எழுந்தால், அது பழைய அளவில் இருக்கிறதா, ஆலை அமைத்த அளவுக்குத் திரும்பிவிட்டதா என்று கருவியையே கேட்டால்தான் தெரியும். திரையில் தெரியும் எண் நாம் கடைசியாக அனுப்பியது மட்டுமே.

கட்டளையைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். 'ஒரு டெசிபெல் (ஒலி அளவின் அலகு) கூட்டு' என்ற வகைக் கட்டளையை அனுப்பி, பதில் வழியில் தொலைந்துபோய், மென்பொருள் மீண்டும் அனுப்பினால், ஒலி இரு படி ஏறிவிடும். 'கழித்தல் 12 டெசிபெல்லில் வை' என்று முழு அளவைச் சொன்னால், எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் விளைவு ஒன்றே. கருவியின் கையேட்டில் இரு வகையும் இருந்தால், இரண்டாவதையே எடுங்கள். மேல் எல்லையைக் கருவிக்குள்ளேயே பூட்டிவிடுங்கள்.

மடிக்கணினியில் சீரியல் போர்ட் இல்லாததால் யு.எஸ்.பி. மாற்றியைப் பயன்படுத்துவோர், அதை வேறு துளையில் செருகினால் விண்டோஸ் போர்ட் எண்ணை மாற்றக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் எந்தத் துளை என்று தேட நேரம் இருக்காது. துளைக்கு ஒரு துண்டு வண்ண டேப் ஒட்டி, போர்ட் எண், வேகம், பாரிட்டி ஆகியவற்றைத் தாளில் எழுதி, ஆம்ப்ளிஃபயர் அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். நன்றி, வணக்கம்.