செக்குமாட்டுப் பந்தயமா? – நேயர் கேள்விக்கு என் பதில்

வணக்கம். இந்த வாரம் நான்கைந்து கேள்விகளுக்காவது பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு கேள்வி மூன்று நாளாக மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. இன்றைய பொழுது அதற்கே போய்விடும் போலிருக்கிறது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேள்விகளை எடுத்து வைத்திருக்கிறேன்.

திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "ஐயா, நீங்கள் சார்லட் 600 மைல் ஸ்டாக் கார் பந்தயத்தைப் பற்றி அடிக்கடி சிலாகித்துப் பேசுகிறீர்கள். அதைக் கேட்டு நானும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது கார்கள் நானூறு சுற்று, இடது பக்கமே திரும்பிச் செக்குமாடு மாதிரி சுற்றுகின்றன. இதில் என்ன திறமை இருக்கிறது?"

படித்ததும் முதலில் சுருக்கென்றது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. இதே செக்குமாட்டைத்தான் என் மனைவியும் வருடா வருடம் சொல்கிறாள். அமெரிக்காவில் ஞாயிறு மாலை ஆறு மணிவாக்கில் கொடி அசைத்தால் நமக்குத் திங்கள் விடியற்காலை மூன்றரை மணி. வீடு முழுக்கத் தூங்கும்போது நான் மட்டும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறரைக்குக் காபியோடு வருவாள், திரையை ஒரு பார்வை பார்ப்பாள், "இன்னும் செக்கு ஓடுதா?" என்பாள். 2022-இல் அந்தச் செக்கு எனக்கு ஆபீஸையே தாமதமாக்கியது. 400 சுற்றில் முடிய வேண்டிய பந்தயம், கடைசியில் விபத்து மேல் விபத்தாகி, கூடுதல் சுற்று விட்டு, 413 சுற்று, 619.5 மைல் வரை போனது. இந்த ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்துகிற அமைப்பான நாஸ்காரின் வரலாற்றிலேயே நீளமான பந்தயம் அதுதான். டென்னி ஹாம்லின் ஜெயித்துக் கொடி வாங்கும்போது என் கடிகாரத்தில் மணி ஒன்பது.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு வரி. ஸ்டாக் கார் என்றால், ரோட்டில் ஓடுகிற சாதாரணக் காரின் உருவத்தில் கட்டிய பந்தயக் கார். வட கரோலினா மாநிலத்தில் சார்லட் நகரத்தை ஒட்டி இந்த ஓடுதளம் இருக்கிறது. ஒரு சுற்று ஒன்றரை மைல், மொத்தம் 400 சுற்று. கிலோமீட்டரில் 965. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பி ஏறக்குறைய மதுரை வரைக்கும் வந்துவிடலாம். திருப்பங்களில் தளம் 24 டிகிரி சாய்ந்திருக்கும். பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்களே, மரச்சுவரில் பைக் ஏறி ஓடுமே, அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்வு இருப்பதால்தான் அந்த வேகத்தில் திரும்ப முடிகிறது.

ஏன் இடது பக்கமே? அமெரிக்கக் காரில் ஓட்டுநர் இருக்கை இடது பக்கம். இடது பக்கமே திரும்பினால் அவர் உட்புறம் இருப்பார், வெளிச்சுவர் வலது பக்கம் தள்ளி இருக்கும். அந்த ஊரில் குதிரைப் பந்தயமும் இப்படித்தான் ஓடுகிறது. இதற்கு மேல் அதில் ரகசியம் எதுவும் இல்லை.

இப்போது செக்குமாடு. இந்தச் சானலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். "தரையும் பந்தயத்தில் ஓடுகிறது." போன தடவை சொன்னபோதே, இதை எத்தனை முறை சொல்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். இன்னும் சொல்வேன்.

செக்குமாடு சுற்றுகிற தரை காலையிலும் மாலையிலும் ஒன்றுதான். சார்லட்டில் அப்படியில்லை. பந்தயம் தொடங்கும்போது மே மாத வெயில் நாள் முழுக்கக் காய்ந்த தார்த்தளம். சூடான தாரில் டயர் பிடிக்காது, வழுக்கும். நூறு சுற்று போவதற்குள் வெயில் சாய்கிறது, பார்வையாளர் மாடத்தின் நிழல் தளத்தின் ஒரு பக்கம் விழுகிறது. ஒரு திருப்பம் நிழலில் குளிர்ந்திருக்கும், இன்னொன்று இன்னும் கொதிக்கும். அப்புறம் இருட்டி, விளக்கு போட்டு, தளம் முழுக்கக் குளிர்ந்துவிடும். இப்போது டயர் தரையைக் கவ்வுகிறது, வேகம் கூடுகிறது, கூடின வேகத்தில் முன்சக்கரம் திரும்ப மறுக்கிறது. மாலையில் பின்பக்கம் வழுக்கிய அதே கார், இரவில் முன்பக்கம் அடம்பிடிக்கிறது. முதல் வகைக்கு அவர்கள் 'லூஸ்' என்பார்கள், இரண்டாவதற்கு 'டைட்'. மாலையில் அருமையாக ஓடுகிற மாதிரி காரைத் தயார் செய்தவர் இரவில் மாட்டிக்கொள்வார். அதனால் விவரமான அணி, ஆரம்பத்தில் கொஞ்சம் அவதிப்பட்டாலும் பரவாயில்லை, இருட்டின பிறகு கார் கைக்கு வரட்டும் என்று விட்டு வைக்கும்.

அதோடு கார்களே தரையை மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஓடுகிற பாதையில் ரப்பர் படியும். உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் மேல்பக்கம் ஒதுங்கும், அதன் மேல் ஏறினால் கோலிக்குண்டில் கால் வைத்த மாதிரி. மஞ்சள் கொடி காட்டி எல்லோரும் மெதுவாகச் சுற்றிவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கும்போது அது வேறு தரை. ஆக அந்த நானூறு சுற்றில் எந்த இரண்டும் ஒன்றில்லை.

என் தாய்மாமா நாமக்கல்லில் டயர் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருந்தார். நாமக்கல் என்றால் லாரி, லாரி என்றால் டயர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழற்றிப் போட்ட டயரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையால் தடவுவார். "உள்பக்கம் தின்னிருக்கு, அலைன்மென்ட் போச்சு" என்பார். வண்டி எந்த ரூட்டில் ஓடுகிறது என்றுகூடச் சில சமயம் சொல்லிவிடுவார். விடுமுறைக்குப் போனால் எனக்கு அங்கேதான் பொழுது போகும். அந்த எரிந்த ரப்பர் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அவரை எதற்கு இழுத்தேன் என்றால், பந்தயத்தின் நடுவில் பிட்டில், அதாவது டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் கார் வந்து நிற்கிற இடத்தில், ஒரு காட்சி வரும், கேமரா இரண்டு விநாடிதான் காட்டும். கழற்றிய டயரை ஒருவர் தரையில் சாய்த்து, நெருப்புக் குழாயால் சுட்டு, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற வேண்டாத ரப்பரைச் சுரண்டி எடுப்பார். அந்த டயரில் பட்டன் கிடையாது, மொழுமொழுவென்று இருக்கும். ஆனால் குறுக்காகச் சின்னச் சின்ன ஊசித்துளைகள் உண்டு. அதில் ஓர் அளவுக்கருவியை வைத்து, உள்பக்கம் எவ்வளவு மிச்சம், நடுவில் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு என்று குறித்துக்கொள்வார். மாமாவின் உள்ளங்கை செய்த வேலைதான், கருவியால் நடக்கிறது. அந்த மூன்று எண்களைப் பார்த்துத்தான் அணித்தலைவர் அடுத்த தடவை என்ன மாற்றுவது என்று முடிவெடுப்பார்.

மாமாவிடம் ஒருமுறை இதையெல்லாம் விளக்கினேன். இடது பக்கமே திரும்புவதால் பாரமெல்லாம் வலது டயர்கள் மேல் விழும், அதனால் வலது பக்கத்து ரப்பர் ஒரு பக்குவம், இடது பக்கத்து ரப்பர் இன்னொரு பக்குவம், அதை இதற்கு மாற்றிப் போடக் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஸ்டெப்னி எந்தப் பக்கத்துக்கு வாங்குவான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

டயர் என்றதும் 1950 டார்லிங்டன் பந்தயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தென் கரோலினாவில் நாஸ்காரின் முதல் 500 மைல் பந்தயம், 75 கார்கள். ஜானி மேன்ட்ஸ் என்பவர் ஒரு சின்ன பிளிமத் காரில் வந்திருந்தார். தகுதி ஓட்டத்தில் அத்தனை பேரிலும் மெதுவானவர் அவர்தான். பந்தயம் ஆரம்பித்ததும் வேகக்காரர்களின் டயர்கள் வரிசையாக வெடித்தன, மாற்ற மாற்ற வெடித்தன. மேன்ட்ஸ் போட்டிருந்தது லாரிக்குப் போடுகிற கெட்டியான டயர். அவர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஆறரை மணி நேரம் கழித்து ஜெயித்தவர் அவர்தான். சராசரி வேகம் மணிக்கு 75 மைல்! மாமாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். நான்கு முறை சொல்ல வைத்திருக்கிறார்.

செக்குமாட்டுக்குக் கண்ணைக் கட்டுவார்கள் இல்லையா? அந்த ஒரு விஷயத்தில் நேயர் சொன்னது பாதி சரி. ஹெல்மெட், தலையை இரண்டு பக்கமும் அணைக்கிற இருக்கை, இவற்றுக்கு நடுவில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் வருகிற கார் சரியாகத் தெரியாது. அதனால் மாடத்தின் உச்சியில் ஸ்பாட்டர் என்று ஒருவர் நின்றுகொண்டு, "உள்ளே ஒருத்தன், இன்னும் உள்ளே, தாண்டியாச்சு" என்று காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஐந்து மணி நேரம். காருக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 1600 திருப்பங்களிலும் அந்தக் குரலை நம்பித்தான் காரை ஒரு முழம் மேலேயோ கீழேயோ விட வேண்டும்.

இதற்கிடையில் ஒரு துணைக்கேள்வி: நம் ஆள் யாராவது இதில் ஓட்டியிருக்கிறாரா? கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில், அதாவது பிக்கப் டிரக்குகள் ஓடுகிற பந்தயத் தொடரில், ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில் நீள்வட்டத் தளத்தில் முதல் பந்தயம், 13-ஆவது இடம். அந்த வருடம் அந்தத் தொடரின் அதிகம் விரும்பப்பட்ட ஓட்டுநர் விருதும் அவருக்குத்தான். ஃபார்முலா 1 ஓட்டியவர் இந்தச் 'செக்கை'யும் ஓட்டிப் பார்க்கப் போனார் என்பதை நேயர் கவனிக்கவும்.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு, கோபிக்காதீர்கள். ஏன் 600? மற்ற பெரிய பந்தயமெல்லாம் 500-இல் நிற்க, இவர்களுக்கு மட்டும் ஏன் இன்னொரு நூறு? ஆரம்பத்தில் வெறும் வீம்புதான். கர்டிஸ் டர்னர் என்று ஒரு மனிதர், மர வியாபாரி, அவரே பெரிய ஓட்டுநர். புரூட்டன் ஸ்மித் என்பவரோடு சேர்ந்து இந்தத் தளத்தைக் கட்டினார். தோண்டினால் அடியில் கருங்கல் பாறை. வெடி வைத்தே காசு கரைந்தது. கூலி பாக்கிக்காக ஒப்பந்தக்காரர் புல்டோசர்களைத் தளத்தின் மேலேயே நிறுத்திவிட்டாராம், டர்னர் துப்பாக்கியோடு போய்ப் பேசி வேலையை முடித்தாராம். அந்த ஊரில் இன்னும் ரசித்துச் சொல்கிற கதை.

மே மாதக் கடைசியில் நடக்க வேண்டிய பந்தயம் தள்ளிப்போய் 1960 ஜூன் 19 அன்று நடந்தது. தார் இன்னும் சரியாக இறுகவில்லை. தகுதி ஓட்டத்திலேயே திருப்பங்களில் பெயர ஆரம்பித்துவிட்டது. நம் ஊரில் போட்ட மறு வாரமே ஜல்லி பெயர்கிற ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட வேண்டும். அணிகள் என்ன செய்தன தெரியுமா? காரின் முகப்பிலும் கண்ணாடி முன்னாலும் கம்பி வலை கட்டின. பறந்து வருகிற தார்க்கட்டிக்குக் காப்பு!

ஜாக் ஸ்மித் என்பவர் எல்லோரையும் விட ஐந்து சுற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஐந்து சுற்று என்றால் ஏழரை மைல். கிட்டத்தட்ட ஐம்பது சுற்றுதான் பாக்கி. பெயர்ந்த தார்க்கட்டி ஒன்று பெட்ரோல் டேங்கைக் கிழித்தது. ஒழுகலை நிறுத்த முடியவில்லை, பந்தயம் போச்சு. ஜோ லீ ஜான்சன் ஜெயித்தார், ஐந்தரை மணி நேரம் ஆனது. அன்றைக்கு ஸ்மித்தைத் தோற்கடித்தது யார்? தரை. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். முதல் பந்தயத்திலேயே அது முன்னணிக் காரைத் தூக்கிவிட்டது.

இன்றைக்குத் தார் பெயர்வதில்லை. ஆனால் அந்தக் கூடுதல் நூறு மைல் அப்படியே இருக்கிறது, பெட்ரோல் கணக்கில் விளையாடுகிறது. டேங்க் ஏறக்குறைய 75 லிட்டர், லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் தாண்டினால் பெரிய விஷயம். 2011-இல் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் கடைசிச் சுற்றில் முன்னணியில் வருகிறார். ஜெயித்து மூன்று வருடம் ஆகப்போகிறது, கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கிறது. கடைசித் திருப்பத்தில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. 600 மைல் ஓடி, கண்ணுக்கு முன்னால் கோடு தெரிகிற இடத்தில்! கெவின் ஹார்விக் தாண்டிப் போய் ஜெயித்தார். எர்ன்ஹார்டுக்கு ஏழாவது இடம். காபி டம்ளரோடு நின்ற என் மனைவி, "அய்யோ பாவம், யாரு அது?" என்றாள். அதற்குப் பிறகு செக்கு என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

1994-இல் ஜெஃப் கார்டனுக்கு வந்த முதல் வெற்றியும் இங்கேதான். கடைசி நிறுத்தத்தில் மற்றவர்கள் நான்கு டயர் மாற்ற, அவருடைய அணித்தலைவர் ரே எவர்ன்ஹாம் இரண்டு போதும் என்றார். மிச்சமான சில விநாடிதான் வெற்றி. தரை குளிர்ந்துவிட்டது, பழைய இரண்டு டயரும் தாங்கும் என்ற கணக்கு அதற்குள் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

திருப்பூர் நண்பருக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். அடுத்த மே மாதம் மறுபடி பாருங்கள், முழுக்க வேண்டாம். கார் பிட்டுக்கு வரும்போது பின்கண்ணாடியை மட்டும் கவனியுங்கள். டயர் மாற்றுகிறவர்களில் ஒருவர் கண்ணாடியில் இருக்கிற துளை வழியாக ஒரு நீளச் சாவியை நுழைத்து அரைச் சுற்று திருப்புவார். பாரம் எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு விழ வேண்டும் என்று மாற்றுகிறார். வெயில் இருக்கும்போது எந்தப் பக்கம் திருப்பினார், இருட்டின பிறகு எந்தப் பக்கம் திருப்பினார் என்று குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள். நேரம் காலை மூன்றரை, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.