எட்டுப்பட்டை பதினாறாகும் இடம்

பட்டறைப் பெரியவர்களே, உளி பிடிக்கும் தம்பிகளே, வணக்கம்.

பார்சிலோனாவில் 1882-ல் அடிக்கல் நாட்டிய தேவாலயம் சக்ரதா ஃபமிலியா. அடுத்த ஆண்டே பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி 1926-ல் இறந்தார், அதோடு வேலை நின்றுவிடவில்லை. எல்லாரும் அதன் கோபுரங்களை வியப்பார்கள். சிற்பிகள் ஊரான திருமுருகன்பூண்டியில் நின்றுகொண்டு தூணைப் பேசாமல் கோபுரத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

நாம் தூணில் எட்டுப்பட்டை, அதாவது எட்டு முகம், எப்படி எடுக்கிறோம்? 24 அங்குலச் சதுரமென்றால், ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு பக்கமும் 7 அங்குலம் தள்ளிக் கோடு போட்டு மூலையைக் கழிக்கிறோம். நடுவில் 10 மிஞ்சும். கழித்த முகம் 9.9 வரும்; ஒரு நூலுக்கும் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைந்த பிசகு! அதிலிருந்து பதினாறு, பிறகு உருளை. ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் சுற்று வளையமாக ஒரு கட்டு கொடுக்கிறோம். பேரூரிலிருந்து அவிநாசி வரை மண்டபங்களில் பார்க்கிற வழக்கம்தான்.

கௌடி அந்தக் கட்டே வேண்டாமென்றார். எட்டு முனை உருவம் ஒன்று வலப்புறமாகத் திருகி மேலேறுகிறது. அதே உருவம் இடப்புறமாகவும் திருகுகிறது. இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் கல்தான் தூண். அடியில் 8 விளிம்பு, 8 மீட்டரில் 16, 12 மீட்டரில் 32, 14 மீட்டரில் 64. மேலே போகப் போகத் தானாகவே உருண்டுவிடுகிறது. கையால் தடவினாலும் மாறிய இடம் அகப்படாது. இதைவிட அழகான கல்வேலைக் கணக்கை நான் அறியேன்.

கல்லையும் பாரத்துக்கேற்பத் தேர்ந்தார்கள்: லேசான பாரத்துக்கு மணற்கல், பிறகு கிரானைட், பசால்ட், நடுவே மிகுந்த பாரம் தாங்கும் நான்கு தூண்களுக்கு போர்ஃபிரி என்னும் கடினக் கல்.

இனி நடுக்கோபுரம். 172.5 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிட்டது. கல் அழுத்தம் தாங்கும், இழுப்புத் தாங்காது; உத்தரக்கல் அடிப்பக்கம் விரிசல் விடுவது அதனால்தானே. காற்று தள்ளும்போது கோபுரத்தின் ஒரு பக்கம் அழுந்தும், மறுபக்கம் இழுபடும். ஆகவே கற்களில் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைச் செலுத்தி, இழுத்து முறுக்கிப் பெரிய கற்பலகைகளாக்கினார்கள். கல் முன்கூட்டியே அழுந்தி நிற்பதால், காற்று அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான். சுவரும் மெலிகிறது, கீழே இறங்கும் பாரமும் குறைகிறது.

சாதாரண இரும்புக் கம்பி இங்கே ஆகாது. துரு ஏறினால் பருத்துக் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். துளையிலும் கவனம் வேண்டும். அது ஒருபக்கம் ஒதுங்கி இறங்கினால் இழுப்பும் அந்தப் பக்கமே சாயும். பலகை வில்லாக வளைந்து, எதிர்முகத்தில் மூட்டு வாய் திறக்கும்.