வேலைச் சக்கரம் சுழலும் முகாம்: கேர்ள் ஸ்கவுட் பிள்ளைகளோடு ஒரு வாரம்

வணக்கம். எல்லோரும் நலமாக இருக்கிறீர்களா? கொஞ்ச நாட்களாகக் காணோமே என்று கேட்டு எழுதிய அனைவருக்கும் நன்றி. இங்கே அமெரிக்காவின் வட கரோலினாவில், நம் ஊர்ச் சாரணியர் போன்ற கேர்ள் ஸ்கவுட் இயக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கான கோடைக்கால முகாம் ஒன்றுக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன். வந்து இறங்கியதும் பிள்ளைகளின் கைப்பேசிகளை வாங்கி வைத்துவிடுவார்கள். அவர்களைப் படம் எடுக்க எங்களுக்கும் அனுமதி இல்லை. நல்ல விதிதான். ஆகையால் இந்தக் காணொளியில் ஏரியும் கூடாரமும் வராது. நான் உட்கார்ந்து பேசுவதைத்தான் கேட்கப்போகிறீர்கள்.

முகாம் என்றதும் நீச்சல், படகு, வில்வித்தை, இரவில் நெருப்பைச் சுற்றிப் பாட்டு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எல்லாமே உண்டு. ஏரியில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணை உண்டு. விசில் ஊதியதும் இருவரும் கைகோத்து உயர்த்திக் காட்ட வேண்டும். கரையில் இருப்பவர் பலகையில் தொங்கும், பிள்ளைக்கு ஒன்றான வில்லைகளோடு எண்ணிக்கையைச் சரிபார்ப்பார். முதல் இரவு அழுகை இருக்கும். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கடிதம் எழுத உட்காரவைத்தால், "நேரமில்லை அம்மா, பிறகு சொல்கிறேன்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு ஓடுவார்கள். இவையெல்லாம் எந்த முகாமிலும் நடப்பவை. நான் உங்களிடம் சொல்ல வந்தது வேலைச் சக்கரத்தைப் பற்றி.

கூடாரங்களுக்கு நடுவே ஒரு மரத்தில் வட்டமான அட்டை ஒன்று தொங்கும். வெளி வட்டத்தில் வேலைகள், உள் வட்டத்தில் பிள்ளைகளின் பெயர்கள். தினமும் காலையில் உள் வட்டத்தை ஒரு கட்டம் திருப்பிவிடுவார்கள். இன்று உனக்குக் கொடியேற்றம், அவளுக்கு விறகு பொறுக்குவது, இவளுக்குச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்து உணவு எடுத்து வருவது, இன்னொருத்திக்குக் கழிப்பறை. நாளை எல்லாம் மாறிவிடும். முகாம் தோன்றிய காலத்திலிருந்தே வரும் பழக்கம் போல அத்தனை இயல்பாக இது நடக்கிறது.

"இவ்வளவு பணம் கட்டி அனுப்புவது கக்கூஸ் கழுவவா?" என்று எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்த் தாய் கேட்டார். கோபம் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் கோபத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று நாம் யோசிக்க வேண்டும். நம் ஊரில் அந்த வேலை யார் தலையில் காலங்காலமாக விழுந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். பள்ளியில் குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்த செய்திகளை நாமெல்லோரும் படித்திருக்கிறோம், தலைகுனிந்திருக்கிறோம். அங்கே கொடுமை, யார் கழுவ வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்வதில் இருக்கிறது. இங்கே சக்கரம் யாரையும் பார்ப்பதில்லை. மருத்துவரின் மகளுக்கும் முறை வரும், உதவித்தொகையில் வந்த பிள்ளைக்கும் முறை வரும், கையுறை மாட்டிக்கொண்டு எனக்கும் முறை வந்தது. தன் முறை முடிந்த மறுநாளிலிருந்து ஒரு பிள்ளை கழிப்பறையைச் சேறு படிந்த காலோடு மிதிப்பதில்லை. எத்தனை அறிவுரை சொன்னாலும் வராத பழக்கம் இது.

அடுத்தது, சாப்பாட்டுக் கூடத்து வாளி. சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொரு மேசையிலும் தட்டுகளில் மிச்சமானதை எல்லாம் ஒரே வாளியில் வழித்துப் போடுவார்கள். எலும்பு, பழத்தோல் கணக்கில் வராது, தின்னக்கூடியது மட்டும்தான். பிறகு அந்த வாளியைத் தராசுக் கொக்கியில் மாட்டி, எடையை எல்லோரும் கேட்கும்படி அறிவிப்பார்கள். திட்டு கிடையாது, யார் தட்டு என்ற விசாரணையும் கிடையாது. எடையை மட்டும் சொல்வார்கள். என் மேசையில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று முதல் நாள் மக்ரோனியை மலை போல அள்ளிப் போட்டுவிட்டுப் பாதியை அப்படியே வைத்தது. வாளி கனத்தது. இரண்டு வேளை கழித்துப் பார்க்கிறேன், அதே பிள்ளை அரைக் கரண்டி மட்டும் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "முதலில் கொஞ்சம் போட்டுக்கொள், பிறகு கேட்டால் தருவார்கள்" என்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசி நாளில் எங்கள் மேசை வாளியில் ரொட்டித் துணுக்குகள் மட்டும் கிடந்தன.

இந்த இயக்கம் யார் தொடங்கியது என்று கேட்பீர்கள். ஜூலியட் கார்டன் லோ என்ற பெண்மணி. 1912 மார்ச் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் 18 சிறுமிகளோடு தொடங்கினார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. ஒரு காது முன்பே பழுதாகியிருந்தது. 1886இல் அவருடைய திருமணத்தன்று வாழ்த்தித் தூவிய அரிசியில் ஒரு மணி மற்றொரு காதுக்குள் போய்விட்டது. அதை எடுக்கப்போய் அந்தக் காதும் கெட்டது. கணவரை இழந்து, ஐம்பது வயதை ஒட்டிய காலத்தில்தான் இந்த வேலையைக் கையில் எடுத்தார். பெண் பிள்ளைகள் காட்டில் கூடாரம் அடித்துத் தங்குவதை நினைத்துப் பார்க்கவும் பலர் தயங்கிய காலம் அது. நம் பள்ளிகளில் சாரணியராக இருந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. சாரணியர் இயக்கமும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். தினம் ஒரு நற்செயல் என்று நாமும் குறிப்பேட்டில் எழுதியவர்கள்தானே.

சரி, முகாமுக்கு வெளியே இருக்கும் சமூகத்துக்கு இவர்கள் என்ன செய்கிறார்கள்? பெரிய பிள்ளைகளை ஒரு நாள் காட்டுப் பாதைக்கு அழைத்துப் போனோம். அந்தப் பாதை ஊர்க்காரர்களும் நடக்கும் பாதை. இருபுறமும் ஸ்டில்ட்கிராஸ் என்ற புல் மண்டிக் கிடந்தது. ஆசியாவிலிருந்து வந்த புல் இது. 1919இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் முதன்முதலாகப் பதிவானது. பீங்கான் பாத்திரங்கள் உடையாமல் இருக்கச் சுற்றி அனுப்பிய காய்ந்த புல்லோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். இங்குள்ள மான்கள் இதைத் தொடுவதில்லை. மற்றச் செடிகளை மேய்ந்துவிட்டு இதை விட்டுவிடுவதால், நம் ஊர்ச் சீமைக் கருவேலம் போல இதன் கை ஓங்கிவிடுகிறது. இலையின் நடுவே வெள்ளியாய் ஒரு கோடு மின்னும், அதை வைத்து அடையாளம் காணலாம். வேர் ஆழமில்லை, பிள்ளைகள் கையாலேயே பிடுங்கிவிடலாம். ஆனால் விதை விடுவதற்கு முன்பே பிடுங்க வேண்டும். ஏற்கெனவே மண்ணில் விழுந்த விதை சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால் ஒரே ஆண்டில் ஒழியாது.

"அப்படியென்றால் நாங்கள் பிடுங்குவதற்கு என்ன பயன்?" என்று ஒரு பெண் கேட்டாள். எங்களோடு வந்த வழிகாட்டி, போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் முகாமுக்கு வந்த பிள்ளைகள் வேலை செய்த இடத்துக்கு அவளை அழைத்துப் போனார். புல் அறவே போய்விடவில்லை. ஆனால் நடுநடுவே பெரணிகள் எழும்பி நின்றன. அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்து மறுபடி பிடுங்கத் தொடங்கினாள்.

இங்கே நம்மவர்கள் நிறையப் பேர் சேவை என்றதும் மணிக்கணக்கைத்தான் முதலில் கேட்கிறார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் எழுத எத்தனை மணி நேரம் வேண்டும் என்பார்கள். கேர்ள் ஸ்கவுட்டிலும் அளவு இருக்கிறது. உயர்ந்த விருதான கோல்டு அவார்டுக்குக் குறைந்தது 80 மணி நேரமாவது உழைக்கப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அதைவிடக் கடினமான நிபந்தனை ஒன்று உண்டு: அந்தப் பெண் விலகிய பிறகும் அந்த வேலை தொடர்ந்து நடக்க வழி செய்திருக்க வேண்டும். பெற்றோர்கள் மணிக்கணக்கை மறந்துவிட்டு இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசினால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

முகாமில் வழிகாட்டிப் பயிற்சி பெறும் ஒரு பெண்ணைப் பார்த்தேன். சிறுமியாக இங்கே வந்து வளர்ந்தவள். உதவித்தொகையில் வரும் பிள்ளைகளுக்கு முகாம் கட்டணம் கிடைத்துவிடுகிறது; ஆனால் உறங்கும் பை, டார்ச், மழைச்சட்டை வாங்கப் பணம் இருக்காது என்பதைக் கவனித்திருக்கிறாள். போர்வையைச் சுருட்டிக்கொண்டு வந்து, கூடாரத்தில் மற்றவர்கள் பார்க்காதபடி ஓரமாக விரிக்கும் பிள்ளையைக் கண்டிருக்கிறாள். அலுவலகத்துக்குப் பின்னால் ஓர் அலமாரியைக் கேட்டு வாங்கி, வீடு வீடாகச் சேகரித்த பைகளை அதில் அடுக்கிவிட்டாள். தேவையான பொருட்களைப் பிள்ளை வருவதற்கு முன்பே கட்டிலில் வைத்துவிடுவார்கள். எல்லோருடையதும் போல அதுவும் அங்கே கிடக்கும். கேட்டு வாங்க வேண்டிய சங்கடமே இல்லை. இந்த இலையுதிர் காலத்தில் அவள் கல்லூரிக்குப் போகிறாள். யார் துவைப்பது, கிழிந்ததை யார் தைப்பது, குளிர்காலத்தில் எலி கடிக்காமல் எங்கே வைப்பது என்று எல்லாவற்றையும் எழுதி, தனக்கு இளைய இருவரிடம் ஒப்படைத்துவிட்டாள்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒருமுறை மட்டும் பயன்படுத்திய உறங்கும் பை ஒன்று கண்டிப்பாகச் சுருண்டு கிடக்கும். பக்கத்தில் இருக்கும் முகாமுக்குத் தொலைபேசியில் பேசி, வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். துவைத்து, காயவைத்து, ஜிப் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். அடுத்த காணொளியில் சந்திப்போம்.