மோபி டிக்கில் ஒரு காசும் ஒரு கயிறும்

நண்பர்களே, 1851-இல் வெளிவந்த ஹெர்மன் மெல்விலின் திமிங்கில வேட்டை நாவலான 'மோபி டிக்' பற்றிப் பேச்செடுத்தால், வெள்ளைத் திமிங்கிலம் எதன் குறியீடு என்றுதான் முதலில் கேட்பார்கள். கடவுள் என்பார் ஒருவர், தீமை என்பார் இன்னொருவர். ஒற்றை விடையைப் பிடித்துக்கொண்டால் மீதி நாவல் கைநழுவிவிடும். குறியீட்டை எப்படிப் படிப்பது என்று 99-ஆம் அத்தியாயத்தில் மெல்விலே காட்டித்தருகிறார்.

தன் காலைப் பறித்த அந்த வெள்ளைத் திமிங்கிலத்தை முதலில் காண்பவனுக்குப் பரிசாக, ஈக்வடார் தங்கக் காசு ஒன்றை வேட்டைக் கப்பலின் கேப்டன் ஏஹாப் பாய்மரத்தில் அறைந்து வைத்திருக்கிறான். அதில் மூன்று சிகரங்கள். அவற்றின்மேல் தீச்சுடர், கோபுரம், கூவும் சேவல். மூன்றும் தன்னையே குறிக்கின்றன என்கிறான் ஏஹாப். அவனுக்கு அடுத்த அதிகாரி ஸ்டார்பக் அங்கே கிறிஸ்தவத்தின் மூவொரு கடவுளான திரித்துவத்தைக் காண்கிறான். மேலும் பார்த்தால் விசுவாசம் ஆட்டங்காணும் என்று விலகுகிறான். இரண்டாம் அதிகாரி ஸ்டப் பஞ்சாங்கத்தோடு வந்து, காசிலுள்ள ராசிகளில் மனித வாழ்வை வாசிக்கிறான். மூன்றாம் அதிகாரி ஃபிளாஸ்குக்கோ அது 16 டாலர். இரண்டு சென்ட் சுருட்டு 960 வாங்கலாம் என்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 800 தான் வரும். மெல்விலின் கைப்பிழையாகவே இருந்தாலும் விலையை மட்டும் பார்க்கும் ஃபிளாஸ்குக்கு அது பொருந்துகிறது. கடைசியில் வரும் கறுப்பினச் சிறுவன் பிப், "நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான்" என்று இலக்கணப் பாடமாக ஒப்பிக்கிறான்.

பிப் புத்தி பேதலித்தவன். காரணம் அறிய, திமிங்கிலத்தின்மேல் எறியும் ஈட்டியில் கட்டிய கயிற்றைப் பார்க்கவேண்டும். 60-ஆம் அத்தியாயம் முழுக்க அதைப் பற்றியதுதான். பருமன் அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நீளம் 200 பாகத்துக்கு மேல், அதாவது 1,200 அடிக்கும் கூடுதல். தொட்டியில் சுருட்டும்போது ஒரு முறுக்கு தங்கிவிட்டால், கயிறு பாய்ந்தோடும் வேகத்தில் யாருடைய கையோ காலோ போய்விடும். அதனால் உயரத்தில் கொண்டுபோய்க் கப்பி வழியே இறக்கி, முறுக்கெடுத்துச் சுருட்டவே ஒரு காலைப்பொழுதைச் செலவிடுவார்கள். படகில் ஒவ்வொருவரையும் சுற்றி அது கிடக்கும்.

93-ஆம் அத்தியாயத்தில், வேட்டைப் படகிலிருந்து பயந்து குதித்த பிப் அதே கயிற்றில் சிக்குகிறான். ஸ்டப் கயிற்றை வெட்டச் சொல்கிறான். சிறுவன் பிழைக்கிறான், திமிங்கிலம் தப்புகிறது. அலபாமாவில் உனக்குக் கிடைக்கும் விலையைப்போல் முப்பது மடங்கு திமிங்கிலத்துக்கு உண்டு என்று ஸ்டப் எச்சரிக்கிறான். அடிமைச் சந்தையின் குரல் அது. நாவலிலேயே கொடிய வாக்கியம் என்பேன். மறுமுறை குதித்தவனைக் கடலில் விட்டுவிட்டுப் படகு போகிறது. நடுக்கடலில் தனியே மிதந்தவனைத் தற்செயலாகக் கப்பல் மீட்கிறது, ஆனால் மனம் மீளவில்லை.

135-ஆம் அத்தியாயத்தில், வெள்ளைத் திமிங்கிலத்தின்மேல் ஈட்டி எறிந்த ஏஹாபின் கயிறு சிக்குகிறது. குனிந்து சிக்கலை எடுத்தும்விடுகிறான். ஓடும் சுற்று கழுத்தைப் பற்றி இழுக்கிறது. உடனிருந்தவர்கள் உணர்வதற்குள் அவன் இல்லை. தொழில்விவரம் என்று 60-ஆம் அத்தியாயத்தைத் தாண்டியவருக்கு இது விபத்தாகத் தெரியும். ஓடும் கயிற்றருகே குனிந்தால் என்ன ஆகும் என்று 75 அத்தியாயங்களுக்கு முன்பே மெல்வில் சொல்லிவிட்டார்.